மில் நின்ற ஊர்

தணிகாசலம் அறுபத்திரண்டாம் வயதில் சாமியம்மாவிடம் சீடராகச் சேர்ந்தார். சாமியம்மா அவரைவிட இருபது வயது இளையவர். அதற்குமுன் தணிகாசலம் அரசாங்கத்துக்குத் தொழில் அறிக்கைகள் எழுதும் அதிகாரியாக இருந்தார்.

ஒருநாள் காலை அவர் கேட்டார்.

"அம்மா, பெட்டிக்கடை, டீக்கடை, ஒற்றை மெஷின் மாவு மில், இதெல்லாம் இருந்தாலென்ன, போனாலென்ன? ஒரு மாநிலத்துக்கு இதனால் என்ன ஆகிவிடும்?"

"இப்படி எங்கேயாவது எழுதியிருக்கிறீர்களா?"

"எழுதியிருக்கிறேன். நெடுஞ்சாலையோரம் பெரிய மாவு ஆலை வந்தபோது, சுற்றுவட்டாரத்தில் சிறு மில்கள் நின்றுபோகும், குறிப்பிடத்தக்க இழப்பு இல்லை என்று எழுதினேன்."

சாமியம்மா உள்ளே போய் ஒரு பை கேழ்வரகு எடுத்து வந்தார்.

"ஆலங்குப்பத்தில் அரைத்து வாருங்கள்."

ஆலங்குப்பத்தில் மில் பூட்டிக் கிடந்தது. படியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மில்லை நடத்திய ஏகாம்பரம்.

"மில்லு நின்னு ரெண்டு வருஷம் ஆச்சு சார். இப்ப அந்த ரோட்டோரப் பெரிய ஆலையிலேர்ந்து மாவு பாக்கெட்ல வருது. அரைக்கணும்னா எட்டு கிலோமீட்டர் நடக்கணும்."

"பஸ் இல்லையா?"

"இருந்துச்சு. நாலு ஊர்லேர்ந்து பொம்பளைங்க மூட்டையோட வருவாங்க. அரைச்சு முடியற வரைக்கும் டீ குடிப்பாங்க, காய் வாங்குவாங்க, புள்ளைக்கு வளையல் பாப்பாங்க. மில்லு நின்னதும் அவங்க வரல. கடைங்க ஒண்ணொண்ணா மூடிட்டாங்க. ஏற ஆளில்லன்னு பஸ்ஸும் நின்னுபோச்சு."

ஏகாம்பரம் திரும்பிப் பூட்டைப் பார்த்தார்.

"பஸ் நின்ன மறுமாசம் எம்பொண்ணுக்கு வலி எடுத்துச்சு. முன்னெல்லாம் இந்த வாசல்ல எப்பவும் ரெண்டு ஆட்டோ நிக்கும். அன்னிக்கு ஒண்ணுமில்ல. கட்டிலோட தூக்கிக்கிட்டு நடந்தோம். மெயின் ரோட்டுக்குப் போறதுக்குள்ள அடங்கிட்டா சார். வயித்துல இருந்ததும் சேர்ந்து."

தணிகாசலம் பையோடு அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார்.

"சின்னதுல மெஷின் சத்தம் கேட்டாத்தான் தூங்குவா. ஒருதடவை கரண்டு போயி..."

ஏகாம்பரம் சொல்லிக்கொண்டே இருந்தார். தணிகாசலம் எழுந்து நடந்துவிட்டார்.

ஆசிரமத்துக்கு வந்ததும் நடந்ததைச் சொல்லி அழுதார்.

"அம்மா, இன்றைக்கே அரசாங்கத்துக்கு எழுதுகிறேன். ஒரு மில் நின்றால் கூடவே என்னவெல்லாம் நிற்கும் என்று எழுதுகிறேன். இனி ஒரு ஊருக்கும் இப்படி ஆகக் கூடாது."

"அவர் பேசி முடித்துவிட்டாரா?"

"இல்லை. என்னால் கேட்க முடியவில்லை. பாதியில் எழுந்து வந்துவிட்டேன்."

"அந்த அறிக்கையை எழுதியது நீங்கள்தான் என்று சொன்னீர்களா?"

"சொல்லவில்லை, அம்மா."

சாமியம்மா சொன்னார்.

"போய் அதைச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் அவர் பேசினால், மீதியையும் கேளுங்கள். அரசாங்கத்துக்கு அப்புறம் எழுதலாம்."