பூசைக்குப் பால்

ஒரு சொல்லையும் சிந்தவிடாமல் கேட்க வேண்டிய கதை இது. சிந்தவிட்டவன் ஒருவன் கதைக்குள்ளேயே இருக்கிறான்.

சங்குத்துறை என்ற பட்டினத்தில் ஆவுடையப்பன் என்று ஒரு துபாஷி இருந்தான். பட்டினத்து அதிகாரி வெங்கப்ப நாயக்கருக்குத் தெலுங்கு தவிர வேறு பாஷை வராது. ஊரார் தமிழில் சொல்வதை அவருக்குத் தெலுங்கில் சொல்வதுதான் ஆவுடையப்பன் வேலை. "ஒரு சொல் கூட்ட மாட்டேன், ஒரு சொல் குறைக்க மாட்டேன்" என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்த பிறகே அவன் தலையில் துபாஷித் தலைப்பாகை ஏறியது. ஐம்பது வயதைத் தாண்டியும் அந்தச் சத்தியம் அவனைச் சும்மா விடவில்லை. சபையிலிருந்து வீடு திரும்பும் வழியெல்லாம், சொன்னது சரிதானா என்று நெஞ்சுக்குள் எலி பிறாண்டும்.

அந்த ஊர் நெல் வியாபாரி குமரேசச் செட்டியாருக்குப் பிள்ளை குட்டி இல்லை. சாகும் தறுவாயில் ஆவுடையப்பனை வரவழைத்துக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பூசைக்கு நாள் தவறாம ஆறின பால் வைக்கணும். வைக்கிறவங்களுக்குத்தான் என் தென்னந்தோப்பு." அவ்வளவுதான், கண் மூடிவிட்டார். அறையில் வேறு யாரும் இல்லை.

காரியம் முடிந்ததும், பூசைக்குப் பால் வைப்பவருக்கே தோப்பு என்ற பேச்சு காதில் விழுந்து, தோப்பைக் கேட்டு இரண்டு பேர் ஆவுடையப்பன் வாசலுக்கு வந்தார்கள்.

ஒருவர் துறை முருகன் கோயில் சபாபதி குருக்கள். "விடிஞ்சா செட்டியார் என் சன்னிதியிலதான் நிப்பார். பூசைன்னா பூசைதானே ஓய், இதில் என்ன சந்தேகம்?"

மற்றவள் செட்டியார் வீட்டில் சமைத்த தையல்நாயகி. இடுப்பில் ஒரு கறுப்புப் பூனை. செட்டியாரின் வீடு கைமாறிப் போகிறது. தோப்பும் இல்லையென்றால் அவளுக்குத் தலைசாய்க்க இடமில்லை. "எங்க ஊர்ப் பக்கம் பூனையைப் பூசைன்னுதான் சொல்லுவோம். செட்டியாரும் எங்க ஊர்க்காரர்தானே? கிடங்கு நெல்லை எலிகிட்டேருந்து காத்தது யாரு, குருக்கள் மணியா?"

"செட்டியார் இதை எப்படித்தான் கூப்பிடுவார்?" என்று ஆவுடையப்பன் ஆவலாய்க் கேட்டான்.

"நாக்கைத் தட்டுவாரு, வந்துரும். பேரெல்லாம் எதுக்கு?"

அங்கேயும் கதவு அடைத்துக்கொண்டது.

சபை கூடும் நாளன்று அவன் துறைமுகத்தில் கால்போன போக்கில் நடந்தான். மலாய்க் கப்பலில் ஒருவன் பூனைக்குக் கருவாட்டுத் தலையை நீட்டி "கூச்சிங், கூச்சிங்" என்றான். மலையாளத்து மிளகுக்காரன் "பூச்சே" என்று அதட்டினான். பீங்கான் விற்ற சீனன் "மாவ்" என்றான். அது பூனையின் பேச்சையே பிடுங்கி அதற்குப் பெயராக வைத்தது போலிருந்தது. வடமொழிக்காரர் மார்ஜாரம் என்பார்கள், உடம்பைத் துடைத்துக்கொள்வது என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். நம் பண்டிதர்களிலும் சிலர், முகத்தைப் பூசிக் கழுவுவதால் பூனை பூசை, சந்தனம் பூசுவதால் சாமிக்குச் செய்வதும் பூசை என்பதுண்டு. பாழாய்ப்போன ஒரே வினைச்சொல்லிலா இரண்டும் வந்து பிறக்க வேண்டும்? தெலுங்கில் பில்லி வேறு, பூஜை வேறு. எதைச் சொன்னாலும் மற்றது செத்துப்போகும். சொல்லை மாற்றாமல் அப்படியே வைத்துவிட்டால் என்ன? பூசை, பூசை என்று அதையே முணுமுணுத்துக்கொண்டு சபைக்குள் நுழைந்தான்.

"செட்டி என்ன சொன்னான்?" என்றார் நாயக்கர்.

"பூசைக்கு நாள் தவறாமல் பால் வைக்க வேண்டும். வைப்பவருக்குத் தோப்பு" என்று தெலுங்கில் சொன்னான் ஆவுடையப்பன். பூசையை மட்டும் தமிழிலேயே விட்டான்.

நாயக்கர் முகம் மலர்ந்தது. "பூஜைக்கா? புண்ணியவான்! அப்படியானால் தோப்பு கோயிலுக்கு."

ஆவுடையப்பன் ஓரடி முன்னே வந்தான். "பிரபு, பூஜை என்று நான் சொல்லவில்லை. பில்லியாகவும் இருக்கலாம். பூஜை, இல்லாவிட்டால் பில்லி."

சபையே சிரித்தது. குருக்கள் துள்ளி எழுந்தார். "சத்தியம் என்ன ஆச்சு ஓய்? கேட்டதைக் கேட்டபடி விட்டிருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்!"

"செட்டி சொன்னது ஒரு சொல். நீ கொண்டுவந்திருப்பது இரண்டு" என்றார் நாயக்கர். "அவன் வாயிலிருந்து விழுந்தபடி தமிழில் சொல். பிறகு ஒவ்வொரு சொல்லாகத் தெலுங்கில் வை."

"பூசைக்கு... நாள் தவறாம... ஆறின பால்..."

தெலுங்கில் அது வந்ததும் நாயக்கர் கையை உயர்த்தினார். குருக்களிடம் கேட்கச் சொன்னார்: "உம்முடைய சுவாமிக்கு என்ன பால்?"

குருக்கள் நெஞ்சை நிமிர்த்தினார். "அடுப்பையே பார்க்காத பசும்பால்! காய்ச்சினது எங்க சன்னிதிப் படி ஏறாது."

"உன் பூனைக்கு?" என்று தையல்நாயகியைப் பார்த்தார்.

"சூடு கண்ட பூனைங்க எசமான். ஒருதரம் வாய் வெந்துபோச்சு. அன்னையிலேருந்து செட்டியார் விரலை வச்சுப் பார்த்துட்டுத்தான் கிண்ணத்தை வைக்க விடுவாரு."

தோப்பு தையல்நாயகிக்கு என்று தீர்ப்பாயிற்று. பிறகு நாயக்கர் திரும்பினார். "ஆவுடையப்பா, ஒரு சொல்லைக் கூட்டினாய். தலைப்பாகையை இறக்கு." அவன் வாய் திறக்காமல் கழற்றி வைத்துவிட்டு வெளியேறினான்.

கேட்டபடியே விடச் சொன்னார் குருக்கள். ஒன்றை இரண்டாக்கினான் துபாஷி. அந்த இரண்டில் ஒன்றை எடுத்துத் தீர்ப்பும் சொல்லிவிட்டு, எடுத்துக் கொடுத்தவனின் தலைப்பாகையைப் பறித்தார் நாயக்கர். இம்மூவரில் யார் செய்தது நியாயம்? சத்தியம் உடைந்தது எந்த இடத்தில்?

விடை: குருக்கள் சொன்னது நியாயமில்லை. தமிழ்க் காதில் இரண்டாக நிற்கும் சொல் தெலுங்குக் காதில் ஒன்றாகிவிடும்போது, மாற்றாமல் விடுவதும் மாற்றுவதுதான். அதைப் பிரித்துக் காட்டியது கூட்டலில் சேராது. நாயக்கர் கொடுத்த தண்டனை சரி, சொன்ன காரணம்தான் பிழை. பூசை என்ற சொல்லைக் கீழே விழாமல் தாங்கும் பதற்றத்தில், முதல் தடவை சொன்னபோது ஆவுடையப்பன் 'ஆறின' என்பதை விட்டுவிட்டான். அதை விடாதிருந்தால் பூசை எதுவென்று பாலே சொல்லியிருக்கும். அவன் தலைப்பாகை போனது குறைத்த சொல்லுக்காக. சபையில் அது அவன் ஒருவனுக்குத்தான் உறைத்தது. அதனால்தான் வாய் திறக்கவில்லை.