கொடி பிடித்த பக்கம்

ஊட்டிப் பக்கம் ஒரு கோல்ஃப் மைதானம். அங்கே புல்லைப் பராமரிக்கிறவர் பெள்ளி. விடிந்ததும் பழைய குழியை மண்ணும் புல்லுமாக அடைத்துவிட்டு, குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான அதே கிரீனில் வேறோர் இடத்தில் புதுக் குழி வெட்டிக் கொடி நடுவார். குழி ஒரே இடத்தில் கிடந்தால் சுற்றியுள்ள புல் மிதிபட்டுச் செத்துவிடும். பந்தைக் குழிக்குள் தட்டிவிடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பேர். வயது முப்பத்து நான்கு. அவரிடம் பாடம் கேட்க வரும் நேசையனுக்கு ஐம்பத்தெட்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை பனி விலகுமுன்பே நேசையன் வந்து நின்றார்.

“மாஸ்டர், இன்னிக்கோட சரி. பந்து நேராப் போகலேன்னா மட்டைப் பையை உங்ககிட்டயே போட்டுட்டுப் போயிடுவேன். அப்புறம் இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்.”

“இதையேதான் போன வாரமும் சொன்னீங்க சார்.”

“போன வாரம் கோபத்துல சொன்னேன்.”

பெள்ளி அவர் முகத்தைப் பார்த்தார். கோபம் இல்லை. அதுதான் யோசிக்க வைத்தது.

கொத்தனார் வைத்திருக்கும் சுண்ணாம்பு நூல் ஒன்றை எடுத்து, குழியிலிருந்து எட்டடி தூரம் இழுத்துச் சுண்டினார். புல்லின் மேல் வெள்ளைக் கோடு விழுந்தது.

“ஆறு பந்து. ஒவ்வொண்ணா கோட்டு மேல வச்சுத் தட்டுங்க.”

நேசையன் நின்ற நிலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தோளும் பாதமும் கோட்டோடு ஒத்துப்போயின. தட்டினார். பந்து குழிக்கு இடப்பக்கம் நான்கு விரல் விலகிப் போய் நின்றது. இரண்டாவதும் அப்படியே. ஆறாவதும்.

ஆறும் கோழி இட்ட முட்டைகள் மாதிரி ஒன்றையொன்று ஒட்டிக் கிடந்தன.

“பார்த்தீங்களா? கை ஒரு நிலையில இல்ல.”

“நிலையில்லாத கைன்னா பந்து ஆறு திசையில கிடக்கும் சார்.” பெள்ளி பந்துகளின் அருகே குந்தி உட்கார்ந்தார். “நான் தினம் குழியை மாத்துறேன். எட்டு மாசமா நீங்க தப்பவிடுற பக்கம் மட்டும் மாறவே இல்ல. இங்க யார் நிப்பாங்க?”

நேசையன் மட்டையின் பிடியைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்ததுதான்.

“எமிலி. என் வீட்டுக்காரி. ஜனவரியில அடக்கம் பண்ணினோம். பதினொரு வருஷம் ஞாயித்துக்கிழமை தவறினதில்ல. ஆடத் தெரியாது. நான் தட்டும்போது கொடியைப் பிடிச்சுக்கிட்டு அந்தப் பக்கம்தான் நிப்பா. பந்து பாதி வழி போறதுக்குள்ள, விழுமா விழாதான்னு அவ முகத்துலயே தெரிஞ்சிரும்.”

“விழாதுன்னா?”

“நாக்கைக் கடிச்சுக்குவா.”

“நிறைய விழுமா?”

“எங்க விழுந்துச்சு! நாக்கைத்தான் நிறையப் பார்த்திருக்கேன்.”

இருவரும் சிரித்தார்கள். நேசையனின் சிரிப்பு முதலில் நின்றது.

“மட்டை பந்தைத் தொடுறதுக்குள்ள உங்க தலை நிமிருது. அதோட தோளும் திரும்பிடுது. பந்து இடப்பக்கம் போகுது.”

“தெரியும் மாஸ்டர். தலையைத் தூக்காதேன்னு சொல்லாத ஆளில்ல. முடியல. தூக்காம இருக்க ஒரு வழி சொல்லுங்க, போதும்.”

பெள்ளி ஒரே ஒரு பந்தைக் கோட்டில் வைத்தார். குழிக்குப் போய், வலப்பக்கம் நின்று, கையை எட்ட நீட்டிக் கொடியைப் பிடித்தார். இடப்பக்கத்தைக் காலியாக விட்டார்.

“குனிஞ்சு பந்தைப் பாருங்க. இப்ப எனக்கு எதிர்ல யார் நிக்கிறாங்க?”

நேசையன் குனிந்தார்.

“எமிலி.”

“நிமிருங்க.”

நிமிர்ந்தார். புல். அதன் மேல் பனி.

“யாரு?”

“யாருமில்ல.”

“அப்புறம் எதுக்கு சார் நிமிர்றீங்க?”

நேசையன் மறுபடி குனிந்தார். தட்டினார். குழிக்குள் பந்து விழுந்த சத்தம் கேட்டது.

பெள்ளி கொடியை நட்டார். புல்வெட்டும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு அடுத்த கிரீனுக்குப் போய்ச் சேர்ந்தபின் திரும்பிப் பார்த்தார். நேசையன் இன்னும் நிமிரவில்லை.