வெற்றிக் கோட்டு

முப்பது நாளில் முப்பது கிலோ குறைக்க வேண்டுமாம். இப்படியும் ஒரு டி.வி. போட்டி! அங்கே டெய்லர் பிலோமினா. சோற்றையும் சர்க்கரையையும் குறைத்து, முட்டை, மீன், கீரை என்று வயிறாரச் சாப்பிட்டே ஒரு வருஷத்தில் எட்டு கிலோ இறக்கியவள்.

"எட்டு கிலோவா? என் ஷோவுல அது ஒரு வார வேலைம்மா!" என்று சிரித்தார் பயிற்சியாளர் ரணதீரன்.

போன வருஷம் ஜெயித்த கோதண்டத்துக்கு வெற்றிக் கோட்டு தைத்தபோது, பின்னாளில் பெருத்தால் பிரித்துவிட வசதியாக உள்ளே நிறையத் துணி விட்டிருந்தாள்.

"இவன் இனிமே குண்டாவானா? வெட்டி எறி!" என்று கத்தினார் ரணதீரன். வெட்டி எறிந்தாள்.

இந்த வருஷ இறுதிப் போட்டிக்குக் கோதண்டம்தான் சிறப்பு விருந்தினர். பட்டினி கிடந்து இறக்கிய முப்பது கிலோவும் கூடவே வந்திருந்தது. கோட்டுக்குள் கையே நுழையவில்லை.

"ஒரு மணி நேரத்துல இது அவருக்குப் பொருந்தணும். எங்கிருந்தாவது துணி வச்சுத் தை!" என்றார் ரணதீரன்.

"முதுகைப் பிரிச்சுத்தான் வைக்கணும் சார்."

"என்ன எழவையோ பண்ணு!"

கடைசி நிமிஷத்தில் மாட்டிவிட்டாள். முன்பக்கம் கச்சிதம். மேடையில் ஒரே கைதட்டல். கோதண்டம் நடுவர்களைக் கும்பிடத் திரும்பினார். நேரலையில் ஊரே பார்த்தது. முதுகு முழுக்கப் போட்டியின் பேனர் துணி: "நிரந்தர எடைக் குறைப்பு!"

ரணதீரன் பல்லைக் கடித்தார். "வேற துணியே கிடைக்கலையா உனக்கு?"

"இருந்துச்சு சார். நீங்கதான் வெட்டி எறியச் சொன்னீங்க."