ஆறு இஞ்ச் ஆணி

தென்காசியில் பல் டாக்டர் மெர்சியின் கிளினிக் இருந்த கட்டடம் ஆவுடையப்பன் அண்ணாச்சிக்குச் சொந்தம். வாடகைக்கு விட்ட கடைகளிலெல்லாம் அவர் படம் தொங்க வேண்டும் என்பது உத்தரவு. அவருக்கே ஒருநாள் கீழ்க் கடைவாய்ப் பல் விழுந்தது.

"புதுப் பல்லுக்கு எலும்புல இறக்குற இம்ப்ளான்ட் திருகுலயே ரொம்ப நீளமானதாப் போடும்மா. இல்லேன்னா இடத்தைக் காலி பண்ணு!"

அவர் தாடை எலும்போ ஆழமில்லை. நீளத் திருகு அடியில் ஓடும் நரம்பைக் குத்தினால் உதடு மரத்துப்போகும். சொன்னால் கேட்கிற ஆளா?

"ஆகட்டும் அண்ணாச்சி. முதல்ல உங்க படத்தை மாட்டிருதேன்." ஆறு இஞ்ச் ஆணியைச் சுவரில் வைத்துச் சுத்தியலை ஓங்கினாள் மெர்சி.

அண்ணாச்சி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "ஏ நிறுத்தும்மா! அது வெறும் நாலரை இஞ்ச் சுவரு. அந்தப் பக்கம் நகைக்கடைக் கண்ணாடி நொறுங்கிரும். சின்ன ஆணி போதும்!"

"எக்ஸ்ரேயும் அதைத்தான் சொல்லுது அண்ணாச்சி. உங்க தாடையில அந்தப் பக்கம் நரம்பு இருக்கு."

அண்ணாச்சி மெல்லச் சாய்ந்தார். "சரி, சின்னதே போடு. ஆனா சுவரு சங்கதி... எல்லார்ட்டயும் ஒம்பது இஞ்ச்னுல்லா சொல்லி வச்சிருக்கேன்."

மெர்சி சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"நீங்க வாயைத் திறங்க அண்ணாச்சி, நான் மூடிக்கிடுதேன்."