கழுகு போட்ட படம்

ஜெனோவா கல்யாண வீடுகளில் படம் எடுப்பவள். அவளிடம் தொழில் கற்க வந்த சிவநேசன் அவளைவிட வயதில் மூத்தவர், வங்கி வேலையை விட்டு வந்தவர். யாரையும் நம்பாத மனுஷன். வங்கி கொடுத்த பழக்கமோ, பிறவிக் குணமோ, யார் கண்டது!

"மேடம், தனியா தொழில் பண்றவனுக்குப் பேருதான் முதல். என் பேரு ஊர்ல எல்லார் மனசுலயும் பதியணும். என்ன வழி?" என்று கேட்டார்.

ஜெனோவா லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். தங்க நிறத்தில் ஒரு கழுகு, அதற்குக் கீழே பெரிய எழுத்தில் 'சிவநேசன்'. ஆல்பத்துக்குத் தேர்ந்தெடுக்கச் சொல்லி வீட்டாருக்கு அனுப்பும் படங்களில் எல்லாம் நட்டநடுவில் அதைப் போட்டார்.

"ஓரமாப் போடலாமே சார்?"

"வெட்டிட்டுத் திருடிடுவாங்க மேடம். உங்களுக்கு ஜனங்களைப் பத்தித் தெரியாது."

ஜெனோவாவின் படங்களில் பெயரே கிடையாது. ஆனாலும் அவளுக்கு முகூர்த்த நாளில் மூச்சுவிட நேரமில்லை. இதில் ஏதோ சூட்சுமம் இருக்கிறது என்று, அவள் இல்லாத நேரத்தில் அவளுடைய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, ஒளித்துவைத்த பெயரைத் தேடினார். மணப்பெண்ணின் மூக்குத்திக்குள் கூடத் தேடினார், பாவம்.

ஒரு நாள் காலை அவருக்குப் போன் வந்தது. போன மாதம் அவர் படம் எடுத்த கல்யாணத்தின் மணப்பெண் அகல்யா.

"சார், அப்பா தவறிட்டாங்க. பந்தியில அப்பா சிரிச்ச மாதிரி ஒரு படம் எடுத்தீங்களே, ஆல்பத்துல கூட வேண்டாம்னு விட்டோம். அப்பா சிரிச்ச படம் வேற இல்ல சார். அந்தக் கழுகு இல்லாம அனுப்புங்க சார்."

"பார்க்கிறேன்மா" என்று சிவநேசன் போனை வைத்தார்.

"கேட்டீங்களா மேடம்? வேண்டாம்னு விட்ட படமாம், இப்ப திடீர்னு வேணுமாம். சும்மா வாங்கி வேற ஸ்டுடியோல பிரிண்ட் போடுற வேலை. சாவு அது இதுன்னு சொன்னா நாம இளகிடுவோம்னு நினைப்பு."

"நேர்ல போய்ப் பார்த்துடுவோமா?" என்றாள் ஜெனோவா.

"அதான் சரி. குட்டு உடைஞ்சிடும்."

வழியில் ஜெனோவா ஒரு ரோஜா மாலை வாங்கி அவர் கையில் கொடுத்தாள். வீண்செலவு என்று அவர் முகம் சொன்னது.

தெருமுனையிலேயே பறைச் சத்தம் கேட்டது. வாசலில் பந்தல். உள்ளே ஐஸ் பெட்டியில் அகல்யாவின் அப்பா. தலைமாட்டில் அவர் சிரிக்கும் படம் பெரிதாக நின்றது. காத்திருந்து பார்த்துவிட்டு, இருந்ததையே பிரிண்ட் போட்டுவிட்டார்கள். அவர் நெஞ்சின் மேல் கழுகு சிறகு விரித்திருந்தது.

படத்துக்குப் போட்டிருந்த ஒற்றை மாலையை இழுத்து இழுத்துக் கழுகை மறைத்தாள் அகல்யா. அது சரிந்தது. அழுதுகொண்டே மறுபடியும் இழுத்தாள்.

சிவநேசனுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது.

வெளியூர்க்காரர் ஒருவர் படத்தைக் கும்பிட்டார். கீழே இருந்த எழுத்தைப் படித்துவிட்டு, பக்கத்தில் மாலையோடு நின்ற சிவநேசனிடம் மெல்லக் கேட்டார்.

"மாப்பிள்ளை வீட்டுப் பக்கம்ங்க நான். இறந்தவர் பேரு சிவநேசனுங்களா?"

சிவநேசன் ஜெனோவா பக்கம் திரும்பினார்.

"லேப்டாப் வண்டியில இருக்கு மேடம். இப்பவே கழுகை எடுத்துட்டு வேற பிரிண்ட் போட்டுத் தந்துடறேன்."

"செய்ங்க. அதுக்கு முன்னாடி கையில இருக்கிற மாலையைப் போடுங்க சார். பேரு உங்களுதுதானே."