டஃபருக்கு அர்த்தம்

கரடிமேடு தேயிலைத் தோட்டத்து ஹார்ட்லி துரைக்கு நாளுக்கு நாலு பேரையாவது 'டஃபர்' என்று திட்டாமல் சாப்பாடு இறங்காது. அந்த நாலில் ஆபீஸ் கிளார்க் ஞானாபரணம் தவறாமல் இருப்பார்.

கம்பெனியின் பெரிய துரை தோட்டத்தைப் பார்வையிட வந்தார். ஹார்ட்லி துரை கிளார்க்கை இழுத்து நிறுத்தினார்.

"இவனுக்கு இங்கிலீஷே தெரியாது, சார். சீட்டைக் கிழிக்கப்போகிறேன். ஏய், டஃபருக்கு அர்த்தம் சொல், வேலை உனக்கே."

ஞானாபரணம் நிறுத்தி நிதானமாக இங்கிலீஷிலேயே பதில் சொன்னார்: "என் அகராதியில் அந்தச் சொல் இல்லைங்க, துரை. அதனால் நீங்கள் அதைப் பயன்படுத்திய இடங்களை வைத்துப் பொருள் தேடினேன்."

"கேட்போமே" என்றார் பெரிய துரை.

"மழை வருகிறது என்று கங்காணி சொல்லியும் துரை உரம் போடச் சொன்னார். உரம் ஓடையோடு போனது. கங்காணியை டஃபர் என்றார். துளிர்விட்ட செடியைக் கவாத்து பண்ணச் சொன்னார். வெட்டிய கூலிக்காரி செவந்தியை டஃபர் என்றார். போன மாதம் ஜீப்பைப் பள்ளத்தில் இறக்கினார். பக்கத்தில் ஆளில்லாததால் பள்ளத்தையே டஃபர் என்றார். ஆகவே, துரை தவறு செய்யும்போது அவருக்கு மிக அருகில் இருப்பது எதுவோ, அதுவே டஃபர்."

ஹார்ட்லி துரை மேசையைக் குத்தி, "டஃபர்" என்று கத்தினார்.

ஞானாபரணம் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். துரையின் தோளை ஒட்டி நின்றவர் பெரிய துரை. அவர் மெல்ல ஓரடி விலகிக்கொண்டார்.

மறுநாள் எட்டு மணிக்கு ஞானாபரணம் வழக்கம்போல ஆபீசைத் திறந்தார். ஹார்ட்லி துரையின் மாற்றல் உத்தரவை டைப் அடிக்க வேண்டியிருந்தது.