இரவல் புழுவும் காலிஃபிளவர் வறுவலும்

அரைக்கிணறு என்ற ஊருக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்று அந்த ஊரில் யாரையும் கேட்டுவிடாதீர்கள், கோபம் வரும். கிணறு வெட்டியவர்கள் பாதியிலேயே மேலே ஏறிவிட்டார்கள், இன்னும் தோண்டினால் தண்ணீர் வந்து நனைந்துவிடுவோம் என்று. அந்த வம்சத்தில் வந்தவர்கள்தான் மாசானமும் அவன் தம்பிகள் சுடலைமணி, பிச்சைக்கண்ணு இருவரும். மூவருக்கும் தங்கமான மனசு. மனசை மட்டும் வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்த முடியுமா என்பதுதான் மாசானத்தின் பெண்சாதி பேச்சித்தாய் கேட்ட கேள்வி.

கேட்ட கையோடு அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து மூன்று ஆம்பிளைகளுக்கு வடித்துக் கொட்டுகிறாள், ஒரு நாளாவது அவளை உட்காரவைத்து ஒரு வாய் ஆக்கிப் போட்டதுண்டா? நியாயம் அவள் பக்கம்தான். மாசானத்துக்கு அது புரியவில்லை என்றாலும் வீடு வெறிச்சென்று கிடந்தது நன்றாகவே புரிந்தது. திட்டுவதற்குக்கூட ஆளில்லாத வீட்டில் எப்படி இருப்பது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வந்தது.

"மத்தியான பஸ்ல வாரேன். எனக்குக் காலிஃபிளவர் வறுவல் நல்லா காரசாரமா வறுத்து, சட்டியில சூடா இருக்கணும். இருந்துச்சுன்னா இருப்பேன். இல்லேன்னா அதே பஸ்ல திரும்பிருவேன், பார்த்துக்கிடுங்க!"

செய்முறையையும் அவளே சொன்னாள். அத்தனையும் ஒரே தலையில் ஏற்றினால் கழுத்து நோகும் என்று சகோதரர்கள் அதை மூன்றாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். முதல் பங்கு பிச்சைக்கண்ணுவுக்கு, நடுப்பங்கு சுடலைமணிக்கு, கடைசிப் பங்கு மாசானத்துக்கு. அடுத்தவன் பங்கில் யாரும் தலையிடக் கூடாது என்பது பேச்சு.

பிச்சைக்கண்ணு தன் பங்கை ஒப்பித்தான். "பூவை உதிர்த்து, உப்பும் மஞ்சளும் போட்ட வெந்நீர்ல போடணும். புழு வெளிய வந்ததும் எடுத்திரணும்."

போட்டார்கள். மூன்று தலைகளும் பாத்திரத்துக்கு மேல் கவிழ்ந்தன. வெந்நீர் ஆறியது. மறுபடி சுடவைத்தார்கள், மறுபடியும் ஆறியது. புழு வரவில்லை.

"கூப்பிட்டுப் பார்ப்பமா?" என்றான் சுடலைமணி.

"பேரு தெரியாம எப்படில கூப்பிட?" என்றான் மாசானம்.

பிச்சைக்கண்ணு வெகுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னான். "அண்ணே, எனக்கொரு சந்தேகம். இதுல புழுவே இல்லையோ என்னமோ."

மாசானம் புழு இல்லாத பூவைத் தலையில் கட்டி ஏமாற்றிய காய்கறிக்கடைக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினான். திட்டி என்ன செய்ய? புழு வெளியே வராமல் பூவை எடுக்க முடியாது. எடுக்காமல் வறுக்க முடியாது. வறுக்காவிட்டால் பேச்சித்தாய் அதே பஸ்ஸில் திரும்பிவிடுவாள்.

பிச்சைக்கண்ணு பக்கத்து வீட்டுச் சொர்ணத்தக்காளின் கத்தரிச் செடிக்கு ஓடினான். "அக்கா, ஒரு புழு இரவல் வேணும். வேலை முடிஞ்சதும் திருப்பித் தந்திருதேன்."

"செடியோட அத்தனையையும் எடுத்துட்டுப் போடா" என்றாள் அவள்.

அவன் நாணயஸ்தன், ஒன்றே ஒன்றுதான் எடுத்து வந்தான். அதைப் பூவுக்குள் பத்திரமாக வைத்து, வெந்நீரில் போட்டார்கள். புழு வெளியே வந்தது. உயிரோடு வரவேண்டும் என்று பேச்சித்தாய் சொல்லவில்லை. பூவை எடுத்து வடிகட்டி, புழுவை ஓர் இலையில் கிடத்தி, பிச்சைக்கண்ணு நன்றி சொல்லிச் சொர்ணத்தக்காளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான்.

அடுத்தது சுடலைமணியின் பங்கு. "இஞ்சி பூண்டு விழுது, சோளமாவு, உப்பு போட்டுப் பிசறணும். பொறவு, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு மொளகாப்பொடி."

விழுதும் மாவும் உப்பும் போட்டாயிற்று. மிளகாய்ப்பொடி எந்த டப்பாவில் இருக்கிறது என்று மாசானம் அடுக்கைத் துழாவினான். ஒவ்வொரு டப்பாவும் பேச்சித்தாய் துடைத்து வைத்தபடியே இருந்தது. மிளகாய்ப்பொடி டப்பாவுக்குப் பின்னால் அவளுடைய பழைய வளையல் ஒன்று கிடந்தது. அவ்வளவுதான், மாசானத்துக்குக் கண்ணில் தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"நிறுத்து, நிறுத்து!" என்று கத்தினான் சுடலைமணி. "தண்ணி வந்துட்டுது!"

"இன்னும் போடவே இல்லையேண்ணே" என்றான் பிச்சைக்கண்ணு.

"அதான் விஷயமே. போடாமலே இவ்வளவு வருதுன்னா, காரம் கூடிப் போச்சுன்னு அர்த்தம். கொஞ்சம் எடுத்துரணும்."

"போடாத மொளகாயை எப்படி எடுக்க?"

மூவரும் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். கடைசியில் வழி கண்டுபிடித்தது மாசானம்தான், மூத்தவன் அல்லவா? ஒரு கரண்டி மிளகாய்ப்பொடியைப் பூவின் மேல் குவித்து, ஒரு துளி சிந்தாமல் அதே கரண்டியால் அள்ளி டப்பாவில் போட்டான். காரம் சரியாகிவிட்டது என்று மூவரும் ஒப்புக்கொண்டார்கள்.

பிறகு மாசானத்தின் பங்கு, பேச்சித்தாய் சொன்னது சொன்னபடியே. "எண்ணெய் காய்ஞ்சதும் போட்டு, மொறுமொறுன்னு வர்ற வரைக்கும் பெரட்டணும். நான் வந்து நிக்கிற வரைக்கும் அடுப்பை விட்டு யாரும் நகரக் கூடாது."

பூனை வந்துவிடாமல் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து வறுத்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, பூ பொன்னிறமாகச் சிவந்து, கறிவேப்பிலை மணம் தெருவரைக்கும் போனது. மாசானத்துக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்த நேரம் பார்த்து வாசல் கதவு தட்டப்பட்டது.

"ஏங்க, கதவைத் திறங்க!"

"பேச்சி வந்துட்டா!" என்று துள்ளினான் மாசானம். ஓரடி எடுத்து வைத்தவன் அப்படியே நின்றான். அவள் வந்து நிற்கும்வரை அடுப்பை விட்டு நகரக் கூடாது. நகராமல் கதவைத் திறக்க முடியாது. திறக்காமல் அவள் எப்படி வந்து நிற்பாள்?

"பஸ் திரும்புது. நான் போறேன்!" என்றது வெளியே குரல்.

"அடுப்பை விட்டுத்தானே நகரக் கூடாது?" என்றான் பிச்சைக்கண்ணு. "அடுப்போட நகரலாம்லா!"

மாசானம் அடுப்பைத் தூக்கினான். சுடலைமணி சிலிண்டரைக் கட்டிப்பிடித்தான். பிச்சைக்கண்ணு இரண்டு கையிலும் துணியைச் சுற்றிக்கொண்டு சட்டியை ஏந்தினான். சாமி சப்பரம் போல ஊர்வலம் மெல்ல அசைந்து கதவு வரைக்கும் வந்து சேர்ந்தது. தாழ்ப்பாளை நீக்கத்தான் யாருக்கும் கை மிச்சமில்லை.

"பேச்சி," என்று கெஞ்சினான் மாசானம், "கை ஒழியலம்மா. நீயே உள்ள வந்து தாழ்ப்பாளை நீக்கிட்டு, பொறவு வெளிய போய் நில்லு."

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. போய்விட்டாளோ என்று மாசானம் அடுப்போடு கதவில் காதை வைத்தான்.

கொஞ்ச நேரத்தில் அவர்களுக்குப் பின்னாலிருந்து யாரோ நடந்து வந்தார்கள். பின்வாசல் திறந்துதான் கிடந்தது, அது பேச்சித்தாய்க்குத் தெரியும். அடுப்பும் சிலிண்டரும் சட்டியுமாக நின்ற மூவரையும் ஒரு பார்வை பார்த்தாள். தாழ்ப்பாளை நீக்கினாள். மாசானம் சொன்னபடியே வெளியே போய் நின்று, கதவைத் தட்டி, உள்ளே வந்தாள். இவர்களோடு இத்தனை வருஷம் இருந்தவள் வேறு என்ன செய்வாள்?

அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிச்சைக்கண்ணு குனிந்து நீட்டிய சட்டியிலிருந்து ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். "இதுல மொளகாயே இல்லையே?"

"போட்டு எடுத்துட்டோம் மதினி" என்றான் சுடலைமணி. புழுக் கதையைப் பிச்சைக்கண்ணு தன் பங்குக்குச் சொன்னான்.

பேச்சித்தாய்க்குச் சிரிப்பு பீறிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பெட்டியின் மேல் சாய்ந்து சிரித்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. தெருவில் பஸ் அவள் இல்லாமலே புறப்பட்டுப் போயிற்று.

மாசானம் அடுப்பைக் கீழே வைக்காமலே குனிந்து அவள் கண்களைக் கவலையோடு பார்த்தான். பிறகு தம்பியிடம் திரும்பினான்.

"ஏல சுடலை, இன்னும் காரம் தூக்கலாத்தான் இருக்கு. அடுத்த தடவை ரெண்டு கரண்டியா எடுத்துரு."